தெருவைச் சுவரிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்

உங்கள் தெருவை மாநகராட்சி புதிதாகப் போடப் போகிறது என்றால், வரைபடத்தில் எங்கிருந்து அளந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வழக்கமாக நடுக்கோட்டில் ஆரம்பித்து வண்டிகளுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சம் மீதியை நடைபாதை என்று காட்டிவிடுவார்கள். காம்பவுண்டு சுவரிலிருந்து சாலையை நோக்கி அளக்கச் சொல்லுங்கள்.

சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி (ஐஆர்சி 103) நடக்கும் இடம் மட்டுமே குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், கடைத்தெருவில் இன்னும் அதிகம். மரம், விளக்குக் கம்பம், இபி பெட்டி எல்லாம் அதற்கு வெளியே, சாலை ஓரமாகத் தனிப் பட்டையில் வர வேண்டும். இருக்கிற நடைபாதையைச் சோதிக்க ஆறடிக் குச்சி ஒன்றைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். டிரான்ஸ்பார்மர் வேலியில், பெயர்ப்பலகையில், டீக்கடை பெஞ்சில் என்று எங்கெல்லாம் இடிக்கிறதோ அங்கெல்லாம் படம் எடுத்து, கதவு எண்ணோடு குறித்து, வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். பொத்தாம்பொதுவாக எழுதிய மனுவைவிட இதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவது கஷ்டம்.

அடுத்தது கேட் வாசல்கள், என் பார்வையில் பாதி நடைபாதைகள் கெட்டுப்போவதே இங்கேதான். ஒவ்வொரு வீட்டு காருக்காகவும் நடைபாதையை இறக்கி மறுபடி ஏற்றினால், முட்டிவலிக்காரர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் பேசாமல் சாலையிலேயே இறங்கிவிடுவார்கள். நடைபாதை ஒரே மட்டத்தில் போகட்டும், கார்தான் ஏறி இறங்கட்டும். சாய்தளத்தை அந்த ஓரப் பட்டைக்குள்ளேயே முடிக்கலாம். நடைபாதையின் உயரமும் 150 மி.மீ.யைத் தாண்டக் கூடாது, தாண்டினால் யாரும் ஏற மாட்டார்கள்.

தெருமுனை வளைவுகளைச் சிறிதாக்கச் சொல்லுங்கள். வளைவு பெரிதாக இருந்தால் பைக் வேகம் குறையாமலே திரும்பும். கடக்கும் இடத்தில் வெறும் வெள்ளைக் கோடு போட்டால் ஒருவரும் நிற்பதில்லை, அதனால் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு மேடாக்குவதுதான் சரி. நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம் என்பார்கள், சரி என்று தலையாட்டிவிடாதீர்கள், அது வண்டிகளுக்குச் செய்யும் வசதி.

தள்ளுவண்டிக்காரர்களை விரட்டித்தான் இடம் கிடைக்கும் என்று யாராவது ஆரம்பித்தால், அவர்கள் பிழைப்பைப் பாதுகாக்கும் 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தை நினைவூட்டுங்கள். மரங்கள் இருக்கும் பட்டையில் அவர்களுக்கு இடம் ஒதுக்கலாம், ராத்திரி எட்டு மணிக்குமேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருப்பதே அவர்களால்தான்.

இவ்வளவும் செய்தபிறகு வரும் தலைவலி பைக். சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த அகல நடைபாதையைப் போய்ப் பாருங்கள், ஓரத்தில் நட்ட குட்டைத் தூண்களையும் கவனியுங்கள். சக்கர நாற்காலி நுழைய விடும் இடைவெளியில் பைக்கும் நுழைந்துவிடும், தூணை மட்டும் நம்பிப் பயனில்லை. ஆகவே பைக் நிறுத்தும் இடத்தைச் சாலைப் பக்கத்தில் கோடு போட்டு ஒதுக்கி, கட்டணம் யார் வசூலிப்பார்கள், அபராதம் யார் போடுவார்கள் என்பதை வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.