ஸ்டாட்டிக் மெத்தடுக்குள் ரெக்வெஸ்ட், ரெஸ்பான்ஸை எடுப்பது எப்படி?

வெப்சைட் எழுத உதவும் மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி டாட்நெட்டில் எந்த ஸ்டாட்டிக் மெத்தடிலும் (ஆப்ஜெக்ட் உருவாக்காமலே கூப்பிடும் மெத்தட்) ‘எச்டிடிபிகான்டெக்ஸ்ட்.கரன்ட்’ என்று எழுதினால் பிரவுசர் அனுப்பிய நடப்பு ரெக்வெஸ்டும், அதற்குப் போகும் பதிலான ரெஸ்பான்ஸும் கைக்கு வந்துவிடும். 2016-இல் வந்த ஏஎஸ்பி டாட்நெட் கோரில் அது கிடையாது. பெங்களூருக்குப் புதிதாக வேலைக்கு வந்து, அல்சூரில் என் அறைக்குச் சந்தேகம் கேட்க வரும் தம்பிகள் பெரும்பாலும் இங்கேதான் முட்டி நிற்கிறார்கள்.

இந்த ஊர் தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) கல்லாவில் வாங்கிய டோக்கனைத் தோசை மாஸ்டரிடம் நீட்டுவோம். மாஸ்டர் எல்லாருக்கும் பொது. யாருக்கு என்ன என்பது டோக்கனில் இருக்கிறது. ஸ்டாட்டிக் மெத்தட் அந்த மாஸ்டர்; ஒரு ரெக்வெஸ்டையும் அதன் ரெஸ்பான்ஸையும் சேர்த்து வைத்திருக்கும் கான்டெக்ஸ்ட் அந்த டோக்கன்.

முதல் வழி: டோக்கனை நீட்டுங்கள். மெத்தடுக்கு ஒரு பாராமீட்டர் சேருங்கள். ஹெடரைப் படிக்க ‘எச்டிடிபிரெக்வெஸ்ட்’ போதும், குக்கி எழுத ‘எச்டிடிபிரெஸ்பான்ஸ்’, இரண்டும் வேண்டுமென்றால் ‘எச்டிடிபிகான்டெக்ஸ்ட்’. ஸ்டாட்டிக் கிளாசுக்குள் அந்தப் பாராமீட்டரை முதலாவதாக வைத்து, அதற்கு முன் ‘திஸ்’ போட்டால் எக்ஸ்டென்ஷன் மெத்தட் ஆகிவிடும். கன்ட்ரோலரில் ‘ரெக்வெஸ்ட்’ என்று எழுதிப் புள்ளி வைத்ததும் உங்கள் மெத்தட் பட்டியலில் தெரியும். டெஸ்ட் எழுதுவதும் சுலபம்: ‘டிஃபால்ட்எச்டிடிபிகான்டெக்ஸ்ட்’ ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால் போதும். பத்தில் ஒன்பது தடவை நான் இதோடு நிறுத்திக்கொள்வேன்.

பழைய கோடு நிறைய இருக்கிறது, எல்லா இடத்திலும் பாராமீட்டர் சேர்க்க முடியாது என்றால் இரண்டாவது வழி. ப்ரோகிராம் ஃபைலில் ‘பில்டர்.சர்வீசஸ்’ மீது ‘ஆட்எச்டிடிபிகான்டெக்ஸ்ட்அக்செசர்’ மெத்தடைக் கூப்பிடுங்கள். ஆப் பில்ட் ஆனதும் ‘ஆப்.சர்வீசஸ்’ வழியாக, நடப்பு கான்டெக்ஸ்டை எடுத்துத் தரும் ‘ஐஎச்டிடிபிகான்டெக்ஸ்ட்அக்செசர்’ஐ வாங்கி, உங்கள் ஸ்டாட்டிக் மெத்தட் இருக்கும் ஹெல்ப்பர் கிளாசின் ஸ்டாட்டிக் ப்ராப்பர்ட்டியில் வையுங்கள். அக்செசர் சிங்கிள்டன் (ஆப் முழுவதற்கும் ஒன்றே ஒன்று), அதனால் வைக்கலாம்.

ஆனால் அக்செசர் தரும் கான்டெக்ஸ்டை ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைக்கவே கூடாது. நான் ஒரு தடவை அப்படி வைத்துவிட்டேன். தனியாகச் சோதித்தபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்ததும் ஒருவர் பெயர் இன்னொருவர் திரையில் வந்தது. அன்று வயிறு கலங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அக்செசரிடமே கேளுங்கள். ரெக்வெஸ்டுக்கு வெளியே ஓடும் பேக்ரவுண்ட் வேலையில் அது ‘நல்’ (ஒன்றும் இல்லை) தரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ரெஸ்பான்ஸில் ஹெடரோ குக்கியோ சேர்க்கும் முன் ‘ஹாஸ்ஸ்டார்ட்டட்’ ஃபால்ஸ்தானா என்று பாருங்கள். ட்ரூ என்றால் ஹெடர்கள் கிளம்பிவிட்டன; அதற்கு மேல் தொட்டால் எக்செப்ஷன்தான் வரும்.