வுல் என்றால் கம்பளி மட்டுமா?

மயிலாடுதுறையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பையன் போன மார்கழியில் தன் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதினான். விடியற்காலையில் பாட்டி 'எ வுல்' போர்த்திக்கொண்டு வாசலில் கோலம் போடுகிறாராம். சிரிப்பு வந்தது, ஆனால் அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் ஆட்டு ரோமமும் கம்பளிதான், இழுத்துப் போர்த்திக்கொள்வதும் கம்பளிதான். ஆங்கிலத்து வுல், ரோமம், அதைத் திரித்த நூல், அந்த நூலில் நெய்த துணி, இந்த மூன்றோடு நின்றுவிடும். போர்வையைச் சொல்ல வேண்டுமென்றால் 'வுல்லன் பிளாங்கெட்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். அப்புறம், அரிசி, பால் மாதிரி இதையும் எண்ண முடியாது, அதனால் முன்னால் 'எ' வராது. நூற்கண்டு என்றால் 'எ பால் ஆஃப் வுல்', இந்தப் பால் பந்து.

உச்சரிப்பில் இரண்டு இடம் வழுக்கும். எழுத்தில் இரண்டு ஓ இருப்பதால் ஸ்கூல், கூல் மாதிரி நீட்டத் தோன்றும். நீட்டாதீர்கள், ஃபுல் என்பதில் வரும் குறில்தான் இதிலும். நாம் வழக்கமாக 'உல்' என்று ஆரம்பித்துவிடுகிறோம், அதற்குப் பதில் விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்துத் தொடங்கினால் சரியாக வரும். வுல்லன் என்று எழுதும்போது பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு எல், அமெரிக்காவில் ஒன்று.

ஆட்டின் மேல் இருப்பதெல்லாம் வுல்லும் இல்லை. அறுவடை முடிந்த வயலில் கிடை போட ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஓட்டிவரும் செம்மறிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள், உடம்பில் படிந்து கிடப்பது குட்டை முடி, அதற்கு ஆங்கிலத்தில் ஹேர் என்றுதான் பெயர். சுருண்டு அடர்ந்து வளரும் ரோமத்துக்கு நீலகிரிச் செம்மறி மாதிரி இனங்களைத்தான் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் வுல்லுக்கு முன்னால் என்ன சொல் நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். காட்டன் வுல் என்பது மருந்துக்கடைப் பஞ்சு. நானே ஒரு முதலுதவிப் பெட்டிக்கு எழுதிக் கொடுத்த பட்டியலில் 'பருத்திக் கம்பளி' என்று போட்டுவிட்டு ரொம்ப நாள் கேலிக்கு ஆளானேன். ஸ்டீல் வுல் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். கிளாஸ் வுல் என்றால் கண்ணாடி இழை, சூடு கடக்காமல் தடுக்க வைப்பது.

நம் ஊர்க் கடைகளில் வாசல் தோரணத்துக்கும் பள்ளிக்கூடக் கைவேலைக்கும் வாங்குகிற 'உல்லன் நூல்' பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை, பிரிட்டனிலும் பின்னல் போடுகிறவர்கள் அக்ரிலிக் நூலைக்கூட வுல் என்றே சொல்வதுண்டு. காசு கொடுத்து அசல் என்று வாங்கும்போதுதான் சோதிக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக்கொண்டு தீக்குச்சி காட்டுங்கள். அசல் ரோமம் தயங்கித்தான் பற்றும், தீயை எடுத்தால் அணையும், முடி பொசுங்கும் வாடை வரும், கரியை விரலில் தேய்த்தால் பொடியாகும். ஆட்டு ரோமமும் நம் முடியும் ஒரே புரதம், கெரட்டின், அதனால்தான் அந்த வாடை. அக்ரிலிக் சடசடவென எரிந்து உருகி, ஆறியதும் கறுப்பாக ஒரு கெட்டி மணி மாதிரி நிற்கும். 'ப்யூர் வுல்' என்று சொல்லி எனக்கு விற்ற ஒரு சால்வை இப்படித்தான் மணியாக நின்றது.

கண்ணில் மண்ணைத் தூவுவது என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் கண்மேல் வுல்லை இழுத்துவிடுவது என்பார்கள்: 'புல் த வுல் ஓவர் சம்வன்ஸ் ஐஸ்'. என் விஷயத்தில் இழுத்துவிட்டதிலும் வுல் இல்லை. 'டைட் இன் த வுல்' என்பது நூலாகத் திரிப்பதற்கு முன்பே ரோமத்தில் சாயம் ஏற்றுவதிலிருந்து வந்தது, ஒரு கட்சியில் ஊறிப்போனவரைச் சொல்ல அச்சாகப் பொருந்தும். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதற்கு 'ராப் இன் காட்டன் வுல்'. இதற்கு உதாரண வாக்கியம் கேட்டபோது அந்தப் பையன் மறுபடியும் பாட்டியைத்தான் எழுதினான்: பனி விழுகிறது என்று என்னை வாசல்படி தாண்ட விடமாட்டார். இந்தத் தடவை 'எ' இல்லை.