பழங்குடிக் குடியிருப்பில் மதுப் பழக்கச் சிகிச்சைக்குத் துணைநிற்பது எப்படி

நீலகிரி மாவட்டம் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் குடியிருப்புகளுக்கு இப்பணிக்காகச் செல்லும் தன்னார்வலர்கள், ஒலிபெருக்கியையும் மது ஒழிப்பு உறுதிமொழியையும் விட்டுவிட்டுச் செல்வது நல்லது. குடியைப் பற்றிய வசவை அம்மக்கள் வேண்டிய அளவு கேட்டாயிற்று. 1990இல் கூடலூரில் தொடங்கப்பட்ட ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடி இளைஞர்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. அத்தகைய ஒருவர் உடன் வராமல் முதல் பேச்சைத் தொடங்க வேண்டாம். குடியிருப்பின் தலைவரான மூப்பனிடமும் பெண்களிடமும் தனித்தனியே பேசுங்கள். சடங்கில் படைக்கும் மதுவையும் கூலி நாளன்று கடையில் தீரும் பணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், பெரியவர்கள் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

குடியை விட ஒருவர் இசைந்ததும், அவர் எவ்வளவு காலமாக, நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கிறார், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேட்டறிய வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் மருத்துவ மேற்பார்வையின்றித் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலர் இடமும் நேரமும் தெரியாமல், இல்லாத பூச்சியைச் சுவரில் கண்டு தட்டிக்கொண்டிருப்பார்கள். இதைப் பேய் பிடித்ததாகக் கருதி இரவெல்லாம் பூசை நடத்திக் காலம் கடத்திவிடக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். பூசாரியைப் பகைத்துக்கொள்ளவும் தேவையில்லை. மருத்துவமனைக்கு அவரையும் உடன் அழைத்துச் சென்றால் குடும்பத்தின் அச்சம் பாதி குறையும். நீண்ட நாள் சரியாகச் சாப்பிடாமல் குடித்தவர் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னரோ அதனுடனோ தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டியிருக்கும்.

மது குடித்தால் உடலில் கடும் உபாதையை உண்டாக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைக் குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும்படி யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அதன்மேல் மது அருந்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அவருடைய முழுச் சம்மதத்துடன் மருத்துவர் மட்டுமே தர வேண்டிய மருந்து அது.

வீடு திரும்பிய பின் வரும் முதல் மூன்று மாதங்கள்தாம் கடினமானவை. ஒருவரை மட்டும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் திருத்தி, அதே கூட்டாளிகளிடம் திருப்பி அனுப்புவதை விட, இசைந்தவர்களை ஒன்றாகச் சிகிச்சைக்குச் சேர்ப்பது பயன் தருகிறது என்பது என் கருத்து. கூலி நாள் மாலையில் அவர்கள் தனித்திருக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பம் ஒப்பினால் கூலியை மனைவியோ தாயோ பெற ஏற்பாடு செய்யலாம். மீண்டும் குடித்துவிட்டால் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்காமல், அடுத்த நாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இடையில் ஆலோசனை பெற 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

வெற்றிலையோடு சிறு வயதிலேயே தொடங்கும் புகையிலையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளிடம் தனியே பேச வேண்டும். மதுக்கடை குடியிருப்புக்கு அருகில் இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும்: பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு மதுவைத் தடுக்கும் அதிகாரம் அளிக்கும் 1996ஆம் ஆண்டு பெசா சட்டம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கே உரியது; தமிழ்நாட்டில் அப்படி எந்தப் பகுதியும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே ஊராட்சியாக உள்ள இடங்களில் குடியிருப்புப் பெண்கள் திரளாகக் கிராம சபைக்குச் சென்று தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை இணைத்து மாவட்ட ஆட்சியரிடம் மனு அளித்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.