கன் மாட்டியும் சார்ஜ் ஏறவில்லையா? தடை எங்கே என்று பிடிப்பது எப்படி

மின்சார கார் சார்ஜ் ஏறவில்லை என்றால் பலருக்கும் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சுவர் சாக்கெட், சார்ஜர், கேபிள் (அதன் முனையில் காரில் மாட்டும் கைப்பிடிதான் கன்), கார் ஆகிய நான்கும் ஒத்துக்கொண்டால்தான் மின்சாரம் உள்ளே போகும். ஒன்று முரண்டு பிடித்தாலும் எல்லாம் நிற்கும்.

எதையும் கழற்றும் முன் காரின் திரையைப் பாருங்கள். சார்ஜ் நேரம் இரவு 11 மணிக்கு என்று யாரோ வைத்திருப்பார்கள். அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள், பேட்டரியும் ஏற்கெனவே 80-ல் இருக்கும். அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் இது நடக்கிற விஷயம்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே காரை வேறு ஏ.சி. (வீட்டில் வரும் மாறுமின்னோட்டம்) சார்ஜரில் மாட்டினால் ஏறுகிறதா? அப்படியானால் கோளாறு உங்கள் வீட்டுப் பக்கம். எந்த ஏ.சி. சார்ஜரிலும் ஏறாமல், டி.சி. (நேர்மின்னோட்டம்) வேகச் சார்ஜரில் மட்டும் ஏறினால், காருக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ஆன்போர்டு சார்ஜரைச் சந்தேகிக்கலாம், டி.சி. மின்சாரம் அதைத் தொடாமல் நேராகப் பேட்டரிக்குப் போய்விடும்.

எங்குமே ஏறவில்லை, திரையும் மங்கலாக இருக்கிறது என்றால் சின்ன 12 வோல்ட் பேட்டரியை அளந்து பாருங்கள். பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டரை இழுப்பது இதன் சக்திதான். லெட் ஆசிட் வகை என்றால், வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டுவது ஆரோக்கியம். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி.

கன்னை மாட்டியதும் காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் பூட்டு மோட்டார் 'ர்ர்' என்று பூட்டும், சில நொடியில் மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலே 'டக்' என்று விழும். அதற்குள் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. கன்னில் உள்ள கன்ட்ரோல் பைலட் என்ற மெல்லிய பின்னில் சார்ஜர் 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். கார் இணைந்ததும் அது 9 ஆகும், கார் 'தயார்' என்றதும் 6 ஆகும். அதன் பிறகே சார்ஜர் மின்சாரத்தை விடும். பூட்டு விழுந்தும் 'டக்' வரவில்லை என்றால் அந்தப் பின்னில் தூசி, ஈரம், வளைவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போர்ட்டுக்குள் (காரில் கன் நுழையும் வாய்) உலோகம் எதையும் விட்டுக் கிளறக் கூடாது.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் எர்த் பிரச்சினை. 230 வோல்ட் சாக்கெட்டில் (ஃபேஸ் மின்சாரம் வரும் கம்பி, நியூட்ரல் அது திரும்பும் கம்பி) ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்டோடு நிற்க வேண்டும். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ மாட்டும்போது மட்டும் சிவப்பு எரிகிறது என்றால், அங்கே நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்படாமல் இருக்கலாம். இதைச் சரிக்கட்ட பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கி விடுபவர்கள் உண்டு. என்றாவது நியூட்ரல் கம்பி அறுந்தால் கார் பாடி முழுவதும் மின்சாரம் நிற்கும். செய்யவே கூடாத வேலை.

ஆரம்பித்து அரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறதா? பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். சாக்கெட்டின் பிடி தளர்ந்து அங்கே அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 16 ஆம்பியர் ஓடும்போது 8 வோல்ட் அங்கேயே விழும். 128 வாட் வெப்பம். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஐந்தைச் சுவருக்குள் சொருகி வைத்த கதைதான். மின்னோட்டத்தை 8 ஆம்பியராகக் குறைத்தால் இதே இடத்தில் வெப்பம் 32 வாட்டாக, கால்வாசியாக இறங்கும். இரவை ஓட்ட அது போதும், ஆனால் பழுது தீராது. பிளக்கும் சாக்கெட்டும் இரண்டையுமே மாற்றுங்கள். கருகிய பிளக் முள் புதுச் சாக்கெட்டையும் கெடுத்துவிடும். எக்ஸ்டென்ஷன் கார்டு வேண்டவே வேண்டாம்.

மின்பலகையில் எந்த சுவிட்ச் விழுந்தது (தானே அணைந்தது) என்றும் கவனியுங்கள். எம்.சி.பி. (சுமை கூடினால் துண்டிக்கும் சுவிட்ச்) வெகுநேரம் கழித்து விழுந்தால் அளவுக்கு மீறிய சுமை. 32 ஆம்பியர் சார்ஜருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால் இது சகஜம், 40 போடுவார்கள், கம்பியும் அதைத் தாங்க வேண்டும். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கன்னை மாட்டிய உடனே விழுந்தால் கசிவு. மழைக்குப் பிறகு மட்டும் விழுந்தால் கன்னை உலர்த்திவிட்டுப் பாருங்கள்.

மெதுவாக ஏறுவது பல நேரம் பழுதே இல்லை. 7.2 கிலோவாட் வாங்கும் சிங்கிள் ஃபேஸ் காரை 11 கிலோவாட் சார்ஜரில் மாட்டினால் 3.7 தான் கிடைக்கும். அந்த 11 என்பது மூன்று ஃபேஸில் 16 ஆம்பியர் வீதம். உங்கள் கார் ஒரு ஃபேஸைத்தான் எடுக்கும். டி.சி.யில் 80 சதவீதத்தைத் தாண்டினாலும், பேட்டரி குளிர்ந்திருந்தாலும் வேகம் இறங்குவது இயல்பு.

டி.சி. சார்ஜர் தொடங்கும்போதே தோற்றால், கனமான கேபிள் கன்னைக் கீழே இழுத்துப் பின்கள் சரியாகப் படாமல் இருக்கலாம். பூட்டு விழும்வரை கன்னைச் சற்றே தூக்கிப் பிடியுங்கள்.

கன் கழலவில்லை என்றால் இழுக்காதீர்கள். சார்ஜை நிறுத்தி, காரைத் திறந்து, கன்னை உள்நோக்கி லேசாக அழுத்திவிட்டு மறுபடி திறக்கும் பொத்தானை அமுக்குங்கள். பூட்டு முள் மேல் இருந்த இறுக்கம் விடும். அப்படியும் வராவிட்டால் பல கார்களில் பானட் அல்லது டிக்கிப் பக்கம் அவசரக் கயிறு ஒன்று இருக்கும், இடம் கையேட்டில் உண்டு. ஆரஞ்சு நிறக் கேபிள் (உயர் மின்னழுத்தம் ஓடுவது) கண்ணில் பட்டால் அதோடு கையை எடுத்துவிட்டு, திரையில் வந்த பிழை எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு சர்வீஸை அழையுங்கள்.