சூட்டோடு எது, ஆறவிட்டு எது: காலைச் சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்து வீடுகளில் காலைச் சாப்பாடு என்பது அப்படியொன்றும் நீளமான பட்டியல் கிடையாது. இட்லியும் தோசையும் எல்லா ஊரிலும் இருப்பதுதான். அது போக, ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தகை, வெயில் காலத்தில் கம்மங்கூழ், இடையில் ராகிப் புட்டு, தொட்டுக்கொள்ளக் கடலைக்காய்ச் சட்னி, குடிக்கக் காப்பி, தொண்டை கரகரத்தால் சுக்கு காப்பி. செலவும் கம்மி. அப்படியும் சொதப்பினால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். சூட்டோடு செய்ய வேண்டியதை ஆறவிட்டுச் செய்கிறோம், ஆறின பிறகு செய்ய வேண்டியதைக் கொதிக்கக் கொதிக்கச் செய்கிறோம்.

சந்தகையில் இது பளிச்சென்று தெரியும். இதை இடியாப்பம் மாதிரி நினைத்துக்கொண்டு இறங்குவதே முதல் தவறு. இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்துவிட்டு வேகவைப்பார்கள். சந்தகைக்கு வேகவைத்துவிட்டுப் பிழிய வேண்டும். இட்லிக்குப் போடும் புழுங்கலரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு நைசாக ஆட்டி, இட்லித் தட்டில் ஊற்றி அவிக்க வேண்டியதுதான். உளுந்து வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். பச்சரிசியில் அந்த மெதுமெதுப்பு வராது. மாவு நறநறவென்று இருந்தால் இழை துண்டு துண்டாக விழும், தண்ணீர் கூடிப்போனால் கையெல்லாம் பிசுபிசுக்கும்.

வெந்தவுடன் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரிசியின் மாவுச்சத்து வெந்த சூட்டில் இளகி நிற்கும், ஆற ஆற இறுகும். ஆகவே நாலு தட்டையும் மொத்தமாக வெளியே எடுத்து வைத்துவிட்டு நிதானமாகப் பிழிய உட்கார்ந்தால், முதல் ரெண்டு ஈடு பஞ்சு மாதிரி வரும், மூன்றாவதில் மிஷின் கைப்பிடியைத் திருகவே ஆள் தேட வேண்டியிருக்கும். எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) அடுப்பை விட்டு நகராமல் சொல்வார்: “மூடியத் தொறந்து போடாத கண்ணு. ஒன்னொன்னா எடுத்துக் குடு, மிச்சம் ஆவியிலயே கெடக்கட்டும்.” மூன்று கால் வைத்த அந்த இரும்பு மிஷினை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் திருக, கீழே தட்டில் சந்தகை சுருள் சுருளாக இறங்கும். தனி ஆளாகச் செய்யப் பார்ப்பதையும் நான் தவறுகளில்தான் சேர்ப்பேன். வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் யாரையாவது எழுப்பிவிடுங்கள்.

பிழிவது சூட்டோடு என்றால், மேலே ஊற்றுவதும் தாளிப்பதும் நேர் எதிர். தேங்காயின் முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும், வெதுவெதுப்பே போதும். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறின பிறகு பாலில் சேர்க்கலாம். மீந்த சந்தகையைக் கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய் தாளித்து எலுமிச்சைச் சந்தகை ஆக்குகிறவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுச் சாற்றைப் பிழியுங்கள். அடுப்பு எரியும்போதே பிழிந்தால் கசப்பு ஏறும். எள்ளும் வெல்லமும் பொடித்துத் தூவிச் சாப்பிடுகிற வீடுகளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

இதே வெல்லம் காப்பியிலும் வேலையைக் காட்டும். சீனி வேண்டாம் என்று நாட்டுச்சர்க்கரைக்கு மாறியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, பால் ஏன் திரிகிறது என்றுதான். வெல்லத்திலும் நாட்டுச்சர்க்கரையிலும் கொஞ்சம் புளிப்பு உண்டு, ஈரம் கோத்துப் பழசானதில் இன்னும் கூடும். கொதிக்கிற பாலில் அதைப் போட்டால் திரியத்தான் செய்யும். காப்பியை முழுசாகக் கலந்து, ஒரு ஆற்று ஆற்றி, டம்ளரில் ஊற்றின பிறகு போட்டுக் கலக்கினால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். கருப்பட்டிக் காப்பியைப் பாலில்லாமல் வெறும் காப்பியாகக் குடிக்கும் வழக்கம் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லையே வராது.

வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் வாங்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. பளீரென்ற மஞ்சள் நிறத்தைப் பார்த்து ‘சுத்தமான சரக்கு’ என்று எடுப்போம். கரும்புச்சாற்றைக் காய்ச்சினால் தானாக வருவது பழுப்பு நிறம்தான். ரொம்பவும் வெளுத்திருந்தால் நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கவைக்கும் ரசாயனத்தைப் போட்டிருக்கிறார்களோ என்று சந்தேகப்பட இடமுண்டு. பழனி பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச்சர்க்கரை போகிற கவுந்தப்பாடி நம் ஈரோடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் இருந்துகொண்டு நிறத்தைப் பார்த்து ஏமாறுவானேன்?

காப்பியைத் தொட்டாயிற்று, டிகாக்ஷனையும் பார்த்துவிடலாம். ஏற்காடு மலையில் 19ஆம் நூற்றாண்டிலேயே காப்பி நட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம் வால்பாறையிலும் தோட்டங்கள் இருக்கின்றன. அதனால் கொங்கு வீடுகளுக்கு ஃபில்டர் ஒன்றும் புதுசு இல்லை. ஆனாலும் தூளைப் போட்டுக் கட்டை விரலால் அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறவர்கள் குறையவில்லை. அப்படி அமுக்கினால் தண்ணீர் இறங்காது, உடனே பொறுமை போய் மூடியில் தட்டுவோம், தூள் கலங்கி அடியில் சேறு நிற்கும். லேசாகச் சமன்படுத்தி, மேலே குடைத்தட்டை வைத்தால் போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துக் கொஞ்சம் அடங்கவிட்டு ஊற்றி, ஒரு கால் மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். இந்த நேரத்தில்தான் பாலைக் காய்ச்ச வேண்டும்.

இறங்கிய டிகாக்ஷனை மறுபடி அடுப்பில் வைத்துக் கொதிக்க வைப்பது மன்னிக்க முடியாத குற்றம். வாசனை முழுக்க ஆவியில் போய், மிஞ்சுவது கசப்பு மட்டும். சூடு வேண்டுமென்றால் பாலில் இருக்கட்டும், இல்லையென்றால் டிகாக்ஷன் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து எடுங்கள். சிக்கரியைப் பற்றி ஆளுக்கொரு கட்சி உண்டு. கொஞ்சம் சேர்ந்தால் கெட்டியாக, கருப்பாக இறங்கும் என்பது உண்மை. சட்டப்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாக இருக்கும் பாக்கெட்டும் சட்டத்துக்கு உட்பட்டதே. விலையைப் பார்க்கிற கண் அந்தச் சின்ன எழுத்தையும் பார்க்கட்டும். டீயைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான்: தூளைப் போட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போகாதீர்கள்.

கூழுக்கு வருவோம். இங்கே கெடுவது கிண்டும் முன்பே, மாவு டப்பாவில் கெடுகிறது. கம்பில் எண்ணெய்ச்சத்து அதிகம். முழுத் தானியமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, அரைத்துவிட்டால் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும். மாதக்கணக்குக்கு மாவு அரைத்து வைத்துக்கொண்டு, “கம்பு கசக்குது, பசங்க தொட மாட்டேங்கறாங்க” என்று குறைப்பட்டால் கம்பு என்ன செய்யும்? ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொண்டால் போதும்.

கம்பைக் காய்ச்சி, ஆறவைத்து, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் இதமான புளிப்பு வந்திருக்கும். சூடாக இருக்கும்போதே மோரை ஊற்றினால் மோர் திரிந்து தண்ணீர் வேறு, திப்பி வேறாகப் பிரியும். கையால் கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டால் முடிந்தது. மோர்மிளகாய் இல்லாமல் குடிப்பது அவரவர் இஷ்டம்.

பழைய சோற்றுக்கும் ஆறவிடுவது முக்கியம். சோற்றை ஹாட்பாக்ஸில் மூடி வெதுவெதுப்பாகவே மறந்துவிட்டு, படுக்கப் போகும்போது ஞாபகம் வந்து தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. சோற்றில் வளரும் சில கிருமிகளின் விதைகள் வேகும்போதும் சாகாது, அந்த வெதுவெதுப்பு அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். சமைத்த சோற்றை அகலமான பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, சோறு முழுகத் தண்ணீர் விட்டு வைக்க வேண்டும். காலையில் புளித்த வாடை இருக்கலாம். கொழகொழவென்று நூல் இழுத்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சுக்கு காப்பியில் சுக்கைத் தோலோடு தட்டிப் போடுகிறோம், அது தவறு. ‘சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு’ என்று பெரியவர்கள் சொல்லியிருப்பதால் மேல்தோலைச் சுரண்டிவிட்டுத் தட்டுவதுதான் வழக்கம். மல்லி தூக்கலாக, சுக்கு அளவாக, மிளகு ஒன்றிரண்டு. சுக்கைக் கூட்டினால் சளி சீக்கிரம் போகாது, வயிறுதான் எரியும்.

கடலைக்காய்ச் சட்னிக்குக் கடலையைச் சிறு தீயில் வறுத்து, ஆறவிட்டுத் தோலைத் தேய்த்து ஊதிவிட வேண்டும். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் எண்ணெய் கக்கி உருண்டு நிற்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், அரைத்து வைத்தபின் அது தானாகவே கெட்டியாகும்.

இன்னொன்று, ராகிப் புட்டையும் காப்பியையும் ஒன்றாக வைத்துச் சாப்பிடும் பழக்கம். காப்பி, டீயில் உள்ள பொருட்கள் தானியத்து இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ரத்தசோகை இருப்பவர்கள் மட்டுமாவது ஒரு மணி நேரம் இடைவெளி விடலாம்.

சீசனில் தோட்டத்துப் பக்கம் போனால் தெளுவு, அதாவது பதநீர், கிடைக்கும். சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்குவதால்தான் அது புளிக்காமல் இருக்கிறது. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். வெயில் ஏறுவதற்குள், மரத்தடியிலேயே குடித்துவிடுங்கள். வீட்டுக்கு என்று பாட்டிலில் வாங்கி, மூடியை இறுக்கித் திருகி, காரின் பின் சீட்டில் போட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் போனீர்களானால், திரும்பி வரும்போது சீட்டுறையைத் துவைக்கிற வேலைதான் காத்திருக்கும்.