கடல் படிக்கப் போகும் மலைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானலிலிருந்து வெளிநாட்டுத் தீவுகளுக்குக் கடல் அறிவியல் படிக்கப் போகிறவர்கள், கிளம்பும் முன் புதுச்சேரி பக்கம் ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் டைவ் செய்யும்) பயிற்சி எடுப்பதுண்டு. பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது. மத்தியானம் வரை டைவ் செய்துவிட்டு, இரவு பஸ் பிடித்து, விடியும்போது மலையேறிவிடுவார்கள். டைவ் செய்த கையோடு விமானம் ஏறக் கூடாது என்பது மனப்பாடம். மலைப்பாதையும் அதே கணக்குத்தான் என்பது தோன்றுவதில்லை.

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்து அளவுக்கு இறங்கலாம். ஊட்டி 2,240 மீட்டர். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறைந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழியாகும். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் சமவெளியில் இருங்கள். கடைசியாக நீர்மேல் வந்த நிமிடத்திலிருந்து, மேட்டுப்பாளையத்தையோ வத்தலக்குண்டையோ தாண்டும் வரை எண்ணுங்கள். தோள், முழங்கால் வலித்தாலோ கை மரத்தாலோ பஸ் சீட்டைத் திட்டிவிட்டு, யூகலிப்டஸ் தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையே ‘டைவ் பண்ணினேன்’ என்பதாக இருக்கட்டும். தேவைப்படுவது ஆக்சிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும்.

அடுத்து, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் மீட்டர். காற்றழுத்தத்தைத் தானாக அளக்காத மீட்டரில் உயரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். ஊட்டியின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். வீட்டில் கொடுத்த உயரத்தை மாற்றாமல் தீவில் அளவீடு சரிசெய்தால், கிட்டத்தட்ட கால் பங்கு குறைத்துக் காட்டும். உப்புத்தன்மையைக் கடல்நீருக்குரிய 35-க்குப் (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) பதில் பூஜ்யத்தில் விட்டாலோ, 20 சதவீதம்போலக் கூட்டிக் காட்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி, எண் நம்பும்படியே இருக்கும். அதுதான் இருப்பதிலேயே மோசம். யாருக்கும் சந்தேகமே வராது.

நீச்சல்: அடிப்படைப் பயிற்சியிலேயே 200 மீட்டர் நிற்காமல் நீந்தி, 10 நிமிடம் மிதக்கச் சொல்வார்கள். ஊட்டி ஏரியில் படகு விட்டது கணக்கில் வராது.

ஆஸ்திரேலியத் தீவு நிலையங்களுக்குப் போகிறவர்கள், தேயிலைத் தோட்டத்து மண் ஒட்டிய ஷூவை, அடிப்பாகத்துப் பள்ளங்கள் வரை பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். அம்மா கட்டிக்கொடுத்த விதை, மசாலா எதுவானாலும் அந்த நாட்டுக்குள் நுழையும்போது நிரப்பும் படிவத்தில் எழுதுங்கள், அபராதம் மறைத்ததற்குத்தான்.

திரும்பும்போது பவளத் துண்டு எடுத்து வராதீர்கள். கல் பவளங்கள் எல்லாமே சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. இந்தியச் சட்டத்திலும் பாதுகாக்கப்பட்டவை. ‘செத்து, கரை ஒதுங்கியதுதானே’ என்ற பேச்சு சுங்கத்தில் எடுபடாது.