மொரிஷியஸ் தமிழர் வீடுகளில் செரிமானத்தைப் பேணும் ஆயுர்வேத உணவுமுறை

வயிற்றுப் பொருமல், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் ஆகியவற்றுக்கு மருந்து தேடுவோர், தாம் எதை உண்கிறோம் என்று ஆராய்வதற்கு முன் எப்போது உண்கிறோம் என்று ஆராய வேண்டும். நம் தீவில் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பலவற்றில் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் தேநீரும், நண்பகலில் நின்றபடியே உண்ணும் ஒரு சோடி டால் பூரியும் போதுமானவையாகக் கொள்ளப்படுகின்றன. அன்றைய முழுச் சாப்பாடு, அதாவது சோறும் பருப்பும் மீன்கறியும் அஷார் என்னும் ஊறுகாயும், இரவு எட்டு மணிக்கு மேல்தான் தட்டுக்கு வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே ஆயுர்வேதம் நமக்குச் சொல்லும் முதல் அறிவுரை. சூரணங்களும் கஷாயங்களும் அதற்குப் பின்னரே வர வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து.

ஆயுர்வேதம் உணவைச் செரிக்கும் ஆற்றலை அக்னி என்று அழைத்து, அதன் நிலையை நான்காகப் பிரிக்கிறது. உண்டது உரிய நேரத்தில் தொல்லையின்றிச் செரித்தால் அது சமாக்னி. ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் வாயுவும் பொருமலுமாகவும் இருந்தால் விஷமாக்னி. உண்ட சிறிது நேரத்திலேயே மறுபடியும் பசித்து, எரிச்சலும் வறட்சியும் உண்டானால் தீக்ஷ்ணாக்னி. சிறிதளவு உணவும் பல மணி நேரம் கனத்துக் கிடந்தால் மந்தாக்னி. செரியாமல் எஞ்சும் பகுதிக்கு ஆமம் என்று பெயர். காலையில் நாக்கில் படியும் வெண்மையான படிவு, உடல் கனம், வாய் சுவையின்மை ஆகியவற்றை ஆமத்தின் அறிகுறிகளாக வைத்தியர்கள் கொள்வர். உங்களுடையது எந்த நிலை என்பதைச் சில வாரங்கள் கவனித்தால் நீங்களே ஓரளவு அறிந்துகொள்ளலாம். இதை அறியாமல் அண்டை வீட்டார் சொன்ன இஞ்சிச் சாற்றை எரிச்சலுள்ள வயிற்றுக்குக் கொடுப்பது தீமையையே தரும்.

பசியை அறிதல்

முன்பு உண்டது செரித்த பிறகே உண்ண வேண்டும் என்பது ஆயுர்வேதத்தின் மூலநூலான சரக சம்ஹிதை கூறும் உணவு விதிகளுள் ஒன்று. செரித்துவிட்டதை எவ்வாறு அறிவது? ஏப்பத்தில் புளிப்போ முந்தைய உணவின் மணமோ இருக்காது. உடல் இலேசாக இருக்கும். மலமும் சிறுநீரும் தடையின்றிக் கழியும். வேலையில் ஊக்கமும், அதனுடன் பசியும் தாகமும் தாமாகவே எழும். மூன்று மணி நேரத்துக்குள் மறுபடியும் உண்ணாமலும், ஆறு மணி நேரத்தைத் தாண்டி வயிற்றைக் காயவிடாமலும் இருப்பது மரபான அளவுகோல். அலுவலகத்தில் பத்து மணிக்குத் தேநீருடன் உண்ணும் கத்தோ பிமான், முதல் உணவு செரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை மேலே போடுவதாகும். பருப்பை அரைத்துப் பொரித்த அந்த வடை உடலுக்குக் கெட்டது என்பதில்லை. அதை நண்பகல் உணவின் பகுதியாக்கிக்கொண்டால் பெரும்பாலோருக்குத் தொல்லை தராது.

நண்பகல் உணவை முதன்மையாக்குதல்

சூரியன் உச்சியிலிருக்கும் வேளையில் செரிக்கும் ஆற்றலும் உச்சத்தில் இருக்கும் என்பது ஆயுர்வேதத்தின் கணிப்பு. இரவில் தாமதமாக நிறைய உண்டு உடனே படுப்பவர்களுக்கு அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் மிகும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. எனவே சோறு, பருப்பு, மீன் அல்லது இறைச்சி, பொரியல் என்று கனமானவை அனைத்தையும் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் உண்பதற்கு வழிசெய்ய வேண்டும். முந்தைய மாலையே சமைத்து, வாய் அகன்ற சூடுகாக்கும் பாத்திரத்தில் எடுத்துச் செல்வது எல்லோருக்கும் இயலாது. இயலாதவர்கள் டால் பூரியையே உண்ணலாம். ஆனால் மைதா உறை, உள்ளே பருப்பு, அதன்மேல் பெரிய அவரைக் கறி என்று பருப்பு வகை இரண்டு அடுக்காக வருவதை மனத்தில் கொண்டு, அமர்ந்து மென்று, குளிர்ந்த சோடாவுக்குப் பதில் வெதுவெதுப்பான நீரைச் சில மிடறு பருகி உண்ண வேண்டும். மிளகாய்ச் சத்தினியை எரிச்சலுள்ளவர்கள் விலக்குவது நல்லது.

இரவு உணவை ஏழு மணிக்குள், அல்லது படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பாக முடித்துவிட வேண்டும். கஞ்சி, இரண்டு ஃபராட்டாவுடன் சுரைக்காய்க் கூட்டு, ரசமும் சிறிது சோறும், பாசிப்பருப்பும் முருங்கைக்கீரையும் சேர்ந்த சாறு ஆகியவற்றில் ஒன்று போதும். உண்டபின் நூறடி நடப்பதும், படுக்கும்போது இடப்பக்கமாகச் சாய்வதும் பழைய அறிவுரைகள். இடப்பக்கம் படுப்பது அமிலம் மேலேறுவதைக் குறைக்கும் என்பதால் நெஞ்செரிச்சலுள்ளவர்கள் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்கலாம்.

அளவும் நீரும்

வயிற்றை நான்கு பங்காகக் கருதி, இரண்டைத் திட உணவாலும் ஒன்றை நீராலும் நிரப்பி, எஞ்சிய ஒன்றைக் காற்றின் இயக்கத்துக்கென வெறுமையாக விட வேண்டும் என்று பழைய ஆயுர்வேத நூலாசிரியரான வாக்படர் கூறுகிறார். அடுப்பில் விறகை வாய்வரை திணித்தால் புகைதான் மிஞ்சும் என்பதை விறகடுப்பில் சமைத்த பாட்டிமார் நன்கறிவர். இந்த விதியின் கருத்தும் அதுவே. நடைமுறையில், இன்னும் சில கவளங்கள் இறங்கும் என்று தோன்றும்போதே கையை எடுத்துவிடுவது இதற்கான வழி. திருமண விருந்தில் வாழையிலையில் ஏழு கறிகளும் பரிமாறப்படும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். மறுபரிமாறலை மறுப்பது உபசரிப்பவரை அவமதிப்பதாகாது.

உணவுக்குச் சற்று முன்பு நிறைய நீர் பருகினால் உடல் மெலியும், பின்பு பருகினால் பருக்கும், இடையிடையே சிறிது பருகினால் சமநிலையில் இருக்கும் என்பதும் வாக்படர் வாக்கு. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சீரகத்தை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது உணவின் இடையே பருகலாம்.

சமையலறையில் இருப்பவை

உணவுக்குச் சற்று முன் கல்லுப்புத் தடவிய மெல்லிய இஞ்சித் துண்டொன்றை மெல்வது மந்தாக்னிக்கு உகந்த எளிய பழக்கம். புண்ணோ மிகுந்த எரிச்சலோ உள்ளவர்கள் அதைத் தவிர்த்து, கொத்தமல்லி விதை ஊறிய நீரை நாட வேண்டும். பருப்பு வேகும்போது பெருங்காயமும் சீரகமும் சேர்ப்பது வாயுவைக் குறைக்கும் என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாக நிலவும் அறிவு. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் முருங்கைக்கீரை, பீர்க்கங்காய், புடலங்காய், சுரைக்காய், பாகற்காய் ஆகியவை இலேசான காய்கறிகள். சேப்பங்கீரையைப் புளியோ எலுமிச்சையோ சேர்த்து நன்றாக வேகவைத்தால்தான் தொண்டை அரிப்பு வராது.

தயிரை இரவில் உண்பதையும் சூடாக்கி உண்பதையும் சரகர் விலக்கச் சொல்கிறார். அதற்கு மாற்றாக, ஒரு கோப்பைத் தயிருடன் மூன்று கோப்பை நீர் சேர்த்துக் கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டு, வறுத்த சீரகப் பொடியும் கறிவேப்பிலையும் உப்பும் இட்ட மோரை நண்பகல் உணவின் முடிவில் பருகலாம். பாலையும் மீனையும் ஒரே வேளையில் உண்பதும், புளிப்புப் பழங்களைப் பாலுடன் கலப்பதும் ஆயுர்வேதத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத சேர்க்கைகள். நன்கு கனிந்த இனிய மாம்பழத்தைப் பாலுடன் உண்பதைப் பிற்கால நூல் ஏற்றுக்கொள்கிறது. மீன் பிரியாணிக்குப் பின் பாலில் செய்யும் அலூடாவைக் குளிரக் குளிரப் பருகும் வழக்கத்தை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் தீவின் பருவங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளிலும் இதழ்களிலும் சொல்லப்படும் பருவகால உணவுமுறையை மொரிஷியஸில் அப்படியே பின்பற்றுவது பெருந்தவறு. அங்கு மார்கழி குளிர்காலம். இங்கோ மார்கழியும் தையும் கோடையின் உச்சம். அங்கு சித்திரையில் வெயில் ஏறும்போது இங்கு வெப்பம் தணியத் தொடங்கியிருக்கும். நமக்குக் கோடை நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதனுடன் மழையும் புயலும் சேர்ந்தே வருகின்றன. ஜூலையும் ஆகஸ்டும்தான் நம் குளிர்ச்சி மிக்க மாதங்கள். தமிழ் மாதக் கணக்கில் அவை ஆடியையும் ஆவணியையும் ஒட்டியவை.

ஆயுர்வேதக் கணக்கில் குளிர்காலத்தில் அக்னி வலுவாகவும், கோடையில் தளர்ந்தும், மழைக்காலத்தில் மிகவும் மெலிந்தும் இருக்கும். இந்தியாவில் கோடையும் மழையும் வெவ்வேறாக வருவதால் இரண்டுக்கும் தனித்தனி முறைகள் உண்டு. நமக்கு அவை ஒன்றாகக் கலந்து வருவதால் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான காலமே செரிமானம் மிக நலிந்த காலம் என்று கொள்வது பொருத்தம். அம்மாதங்களில் பொங்கலும் தைப்பூசமும் ஆண்டிறுதிக் கொண்டாட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நெய்யும் முந்திரியும் நிறைந்த வெண்பொங்கலைக் கைவிட வேண்டியதில்லை. மிளகையும் சீரகத்தையும் கூட்டி, அளவைப் பாதியாக்கி, காலை வெயில் ஏறுமுன் உண்ணலாம். லிச்சியும் மாம்பழமும் குவியும் அப்பருவத்தில் பழங்களை முழுச் சாப்பாட்டின் மேல் சேர்க்காமல், தனியாக மாலையில் உண்பது வயிற்றுக்கு இதம். புயலுக்குப் பின் குழாய் நீர் கலங்கி வரும் நாட்களில் நீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும். அப்போது ஆயுர்வேதமும் சுகாதாரமும் ஒரே குரலில் பேசுகின்றன.

உளுந்து, எள், நெய், இறைச்சிச் சாறு போன்ற கனமான உணவுகளுக்கு உரிய காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தீவு சிறிதாயினும் இடத்துக்கிடம் வேறுபாடு உண்டு. சுமார் 550 மீட்டர் உயரத்தில் அடிக்கடி மழையும் ஈரமுமாக இருக்கும் கியூர்பிப்பில் வாழ்வோருக்குச் சுக்கும் மிளகும் ஆண்டின் பெரும்பகுதியில் ஏற்புடையவை. போர்ட் லூயிஸின் வெக்கையில் வேலை செய்வோர் அவற்றைக் குறைத்து, கொத்தமல்லியையும் சோம்பையும் கூட்ட வேண்டும்.

விரதமும் அதை முடிக்கும் முறையும்

புரட்டாசியில் இறைச்சியை விலக்குவதும், காவடிக்கு முன்னர் விரதமிருப்பதும் செரிமானத்துக்கு ஓய்வு தரும் நல்ல மரபுகள். ஆனால் விரதம் முடிந்த அன்றே ஆட்டிறைச்சியும் பொரித்த பண்டங்களும் உண்டு வயிற்று வலியோடு படுப்பவர்கள் பலர். உடலைத் தூய்மை செய்யும் சிகிச்சைக்குப் பின் நீர்த்த கஞ்சி, கெட்டிக் கஞ்சி, தாளிக்காத பருப்புச் சாறு, தாளித்த பருப்புச் சாறு, இறைச்சிச் சாறு என்று படிப்படியாக ஏறும் முறையை ஆயுர்வேதம் வகுத்திருக்கிறது. நீண்ட விரதத்துக்குப் பின் அதையே சுருக்கி, இரண்டு மூன்று நாட்களில் பின்பற்றலாம்.

எச்சரிக்கைகள்

நம் தீவில் நீரிழிவு மிகப் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: இன்சுலினோ சர்க்கரை அளவைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் பசி வரும்வரை காத்திருக்கவும் கூடாது, மருத்துவரைக் கேட்காமல் விரதமிருக்கவும் கூடாது. கர்ப்பிணிகளும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் திரிபலா, சுக்கு, பிற சூரணங்கள் ஆகியவற்றைத் தாமாகத் தொடங்க வேண்டாம். மொரிஷியஸில் ஆயுர்வேதத்துக்கென 1989ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருப்பதால், பதிவு பெற்றவரிடம் சென்று கேட்பதற்கு இங்கு வழி உண்டு. உறையில் உட்பொருள் அச்சிடப்படாத மருந்துகளில் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றை வாங்கவே கூடாது.

மலத்தில் இரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் தடை, ஓயாத வாந்தி, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்று வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் உணவுமுறையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். செல்லும்போது, உண்ட வேளைகளையும் உணவுகளையும் தொல்லை எழுந்த நேரங்களையும் எடுத்துக்கொள்ளும் மருந்துகள், சூரணங்கள் அனைத்தின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.